லயம் தேடி ஏழு நாள்: கயத்தாறிலிருந்து மறையூர் வரை

முதல் நாள், புதன். கயத்தாறு

மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து, கட்டிக்கொடுத்த ஊர்களுக்கு ஆளுக்கொரு திசையாகப் போன அக்கா தங்கைகள், பழைய லயத்தையும் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பழைய கூட்டாளிகளையும் பார்க்கக் கிளம்பினால் முதலில் மலையேறக் கூடாது. கரிசல் காட்டுக்குத்தான் போக வேண்டும். லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். எஸ்டேட்டில் பேர் இருக்கும்வரைதான் குடியிருக்கலாம். ஓய்வு பெற்று கிராஜுவிட்டி வாங்கியதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் அதே எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் அவரோடு இருக்கலாம். இல்லாதவர்கள் அப்பா, தாத்தா கிளம்பி வந்த ஊருக்கே திரும்பிவிடுகிறார்கள். கயத்தாறு, கோவில்பட்டி, கழுகுமலை, சங்கரன்கோவில் என்று இந்தப் பக்கம் முழுக்க மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அறுபது தாண்டிய கூட்டாளியை மூணாறில் தேடி நான்கு நாள் அலைந்த பிறகு, அவர் கயத்தாறில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தால் அந்த நான்கு நாளும் வீண்.

புறப்படுமுன் ஒரு நோட்டுப் போடுங்கள். கூட்டாளி ஒருவருக்கு ஒரு பக்கம். பெயர், கூப்பிட்ட பட்டப்பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், எஸ்டேட், டிவிஷன் (எஸ்டேட்டின் உட்பிரிவு), எத்தனை முறி (வீடு) லயம், அதில் எத்தனையாவது வீடு, எந்த வருஷம் எந்த வகுப்பு, பூர்வீக ஊர். இதில் டிவிஷனும் பட்டப்பெயரும்தான் உயிர். மாரியம்மா, செல்வி, பாப்பா என்ற பெயர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருந்தன. "குண்டளையில் இருந்த மாரியம்மா" என்று கேட்டால் பத்துப் பேரைக் காட்டுவார்கள். அப்பா செய்த வேலையைச் சேர்த்துச் சொன்னால் கேட்ட மாத்திரத்தில் ஆள் தெரிந்துவிடும். கங்காணியா, பேக்டரியில் இருந்தாரா, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருந்தாரா என்று சொல்லுங்கள். அக்கா தங்கைகள் உட்கார்ந்து எழுதும்போது ஒருவர் நினைவு இன்னொருவர் நினைவோடு இடிக்கும். அடித்துத் திருத்த வேண்டாம். இரண்டையும் எழுதி வையுங்கள். பெரியவளுக்கு லயத்து வீடும் அக்கம்பக்கமும் நினைவிருக்கும், சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் நினைவிருக்கும். இரண்டும் இரண்டு காலத்து விவரம், இரண்டுமே சரியாக இருக்கலாம்.

பழைய போட்டோக்களைப் போனில் வைத்திருந்தால் போதாது. கண் மங்கியவர்களுக்குச் சின்னத் திரையில் முகம் பிடிபடாது. தபால் அட்டை அளவுக்குப் பிரிண்ட் போடுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு படி. ஒன்று காட்டுவதற்கு, ஒன்று கேட்கிறவர்களுக்குக் கொடுப்பதற்கு. யார் கேட்டாலும் மறுக்காமல் கொடுங்கள். பல குடும்பங்களிடம் பெற்றோரின் ஒரே படமாக அதுதான் இருக்கும்.

கொண்டுபோகிற பண்டத்துக்குக் கோவில்பட்டி கடலை மிட்டாயை விட நல்லது கிடையாது. கெடாது, கசங்காது, மலையில் எல்லோருக்கும் பிடிக்கும். பத்து முறி லயத்துக்குப் போவதென்றால் பன்னிரண்டு பொட்டலம் வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்ற வாசல்களைக் கடந்து போவது லயத்தில் வழக்கமில்லை.

இரண்டாம் நாள், வியாழன். போடி வழியாக மூணாறு

மதுரையிலிருந்து போடிக்கு மீண்டும் ரயில் ஓடுகிறது. அகலப் பாதையாக்க 2010-ன் கடைசியில் நிறுத்தியது, 2023 ஜூனில்தான் போடி வரை வந்து சேர்ந்தது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பஸ்ஸை விட இது நிம்மதி. போடியிலிருந்து மூணாறு ஏறத்தாழ 68 கிலோமீட்டர். போடிமெட்டு ஏறுவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். காலை விடிந்ததும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அடுத்தடுத்து ஏறும், சாயங்காலம் அதே வேகத்தில் இறங்கும். சொந்த வண்டியில் போகிறவர்கள் அந்த இரண்டு நேரத்தையும் விட்டுவிட்டு ஒன்பதரை, பத்து மணிக்கு மெட்டு ஏறுங்கள். குமட்டல் வருகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டும் ஏறக் கூடாது, வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது. இரண்டு இட்லி போதும்.

போடிமெட்டில் இரு மாநிலச் சோதனைச் சாவடிகளும் உண்டு. பிறகு பூப்பாறை, பெரியகானல், தேவிகுளம். பூப்பாறைக்கும் தேவிகுளத்துக்கும் நடுவில் உள்ள கேப் ரோடுதான் சிக்கலான இடம். மலையை வெட்டி அகலப்படுத்திய பிறகு மழைக்காலத்தில் அங்கே பாறை சரிந்து பலமுறை வழி அடைபட்டிருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போவதானால் போடியிலேயே விசாரியுங்கள். மூடியிருந்தால் பூப்பாறையில் திரும்பி ராஜகுமாரி, குஞ்சித்தண்ணி வழியாகச் சுற்ற வேண்டும். எங்களைக் கேட்டால் ஜனவரி கடைசிதான் சரியான காலம். சரிவு பயமில்லை, அட்டைப்பூச்சி இல்லை, பொங்கல் கூட்டமும் வடிந்திருக்கும். குளிர் மட்டும் கடுமை. செண்டுவாரை, செவன்மலை, லெட்சுமி பக்கம் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி நிற்கும்.

கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்தால் பஸ்ஸும் ஜீப்பும் கடையும் ஒன்றாக நின்றுபோகும். இடுக்கியில் இது அபூர்வமல்ல. கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள், வெள்ளி. ஆபீஸ் நாள்

எஸ்டேட் தனியார் நிலம். பிறந்த இடம்தான் என்றாலும் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. எஸ்டேட் ஆபீசில் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். அப்பா அம்மா பெயர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்த டிவிஷனில் வேலை, வருகிறவர்கள் எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணி நேரம். இதோடு ஆதார் நகல். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் வேலை சுருக்கமாக முடியும். வீடியோ எடுக்கவில்லை, குடும்பப் படம் மட்டும்தான் என்று எழுதிவிடுங்கள். மறுப்புக்குப் பெரும்பாலும் கேமராதான் காரணம். கம்பெனிகள் கைமாறியதையும் மனதில் வையுங்கள். டாடா டீயின் தோட்டங்களில் பெரும்பகுதி 2005 முதல் தொழிலாளர்களே பங்குதாரர்களாக உள்ள கண்ணன் தேவன் கம்பெனியிடம் இருக்கிறது. ஆனால் லாக்காடு, தலையார் போன்றவை வேறு நிர்வாகங்கள். ஓரிடத்து அனுமதி இன்னோரிடத்தில் செல்லாது.

பிறப்புச் சான்றும் எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் அதே நாளில் பஞ்சாயத்து ஆபீசுக்கும் போகலாம். பிழை நேருவது பெரும்பாலும் மூன்று இடங்களில். பழைய பதிவுகளில் குழந்தைக்குப் பெயர் இருக்காது, "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். ஆகவே அப்பா, அம்மா பெயரும் தேதியும் வைத்துத்தான் தேட முடியும். பெயர்கள் மலையாளத்தில் எழுதியவை, முத்தையா முத்தய்யன் ஆகியிருப்பார். மூன்றாவது, வீட்டில் சொன்ன தேதியும் பதிவான தேதியும் சில வாரம் தள்ளியிருக்கும். அதனால் ஒரு தேதி கொடுக்காமல், முன்னும் பின்னும் மூன்று மாதம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் பஞ்சாயத்து என்பதையும் முதலில் உறுதி செய்யுங்கள். மூணாறும் தேவிகுளமும் தனித்தனிப் பஞ்சாயத்துகள், பக்கத்துப் பக்கத்து எஸ்டேட்டுகள் வேறு வேறு பஞ்சாயத்தில் இருக்கும். பதிவே இல்லையென்றால், இல்லை என்று ஒரு சான்று எழுதி வாங்குங்கள். பிற்பாடு எதற்கும் அதுதான் அடிப்படை.

கூட்டாளிகளைக் கண்டுபிடிக்கப் பஞ்சாயத்தைவிடப் பள்ளிக்கூடம் உதவும். சேர்க்கைப் பதிவேட்டில் அப்பா பெயரும் விலாசமும், விலகியவர்களுக்கு விலகிய தேதியும் இருக்கும். விலகிய தேதி தெரிந்தால் அந்தக் குடும்பம் எந்த ஆண்டில் இறங்கியது என்று தெரிந்துவிடும். தலைமையாசிரியரிடம் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்துப் பொறுமையாகக் கேளுங்கள். மற்றவர்களின் பதிவைக் காட்ட அவர்கள் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், உங்கள் சொந்தப் பதிவை மட்டும் கேளுங்கள். மார்ச் பரீட்சை நேரத்திலும் ஜூன் சேர்க்கை நேரத்திலும் போகாதீர்கள். இரண்டாம் சனிக்கிழமை எந்த அரசு ஆபீசும் இருக்காது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு பஞ்சாயத்துப் பதிவைவிட உறுதியானது. பழைய மூணாறில் உள்ள சிஎஸ்ஐ தேவாலயம் 1911-ல் கட்டி முடிந்தது. அதன் கல்லறைத் தோட்டம் அதற்கும் முந்தியது, 1894-ல் காலராவில் இறந்த எலனார் இசபெல் மே என்ற இளம்பெண்ணுடைய கல்லறைதான் அங்கே முதல்.

நான்காம் நாள், சனி. லயம்

காலை எட்டு மணிக்குள் கொழுந்து பறிக்க ஆள் போயிருக்கும். பகலில் லயத்தில் கிழவிகளும் சின்னப் பிள்ளைகளும்தான். வீட்டை அடையாளம் காண அந்த நேரம் நல்லது, ஆட்களைப் பார்க்கச் சாயங்காலம்தான். அதனால் இன்றைக்கு இடம், நாளைக்கு ஆட்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பலரும் முதலில் மரத்தைத் தேடுவார்கள். மரத்தை நம்பக் கூடாது. எஸ்டேட்டில் நிற்கிற கிராண்டிஸ் (ஒருவகை யூகலிப்டஸ்) விறகுக்காக வளர்த்தது, முறை வைத்து வெட்டுவார்கள். சில்வர் ஓக்கைக் கிளை கழிப்பார்கள். தேயிலைக் காட்டையும் நம்ப முடியாது. நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவார்கள். கவாத்து வெட்டிய காடு மொட்டைக் குச்சியும் மண்ணுமாக வேறு ஊர் மாதிரித் தெரியும். வீடும் மாறியிருக்கும். தகரக் கூரை மாறியிருக்கும், திண்ணையை அடைத்து அறையாக்கியிருப்பார்கள், பின்னால் சமையற்கட்டை இழுத்துக் கட்டியிருப்பார்கள். நம்பர் திருப்பி எழுதியிருந்தால் ஐந்தாம் வீடு எட்டாம் வீடாகியிருக்கும்.

மாறாதவை என்றால் கோயில், தண்ணீர், பெரட்டுக்களம், மலைமுகடு. மாரியம்மன் கோயிலைப் புதுக் கோபுரம் வைத்துக் கட்டியிருந்தாலும் இடம் அதே இடம். தண்ணீர்த் தொட்டி சோலை ஓடையை ஒட்டித்தான் இருக்கும், குழாய் மாறினாலும் தொட்டியை நகர்த்துவது அரிது. ஆட்களைப் பேர் சொல்லிப் பிரிக்கிற பெரட்டுக்களமும் ஆபீசும் ரோட்டை ஒட்டியவை. இவை மூன்றையும் முதலில் குறித்துக்கொண்டு, வீட்டு வாசலிலிருந்து எது எந்தக் கைப்பக்கம் இருந்தது என்று அக்கா தங்கைகள் ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தனியாக ஒரு தாளில் வரையுங்கள். பேசிக்கொண்டு வரைந்தால் மூத்தவள் சொன்னதே எல்லோருடைய நினைவும் ஆகிவிடும்.

பிறகு போட்டோ. வாசலில் நின்று எடுத்த பழைய படத்தில் பின்னால் மலைக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. படத்தில் முன்மலையின் முனை, பின்மலையின் எந்தப் பள்ளத்துக்கு நேராக நிற்கிறது என்று கவனியுங்கள். அதே நேர் வரும்வரை லயத்து முன்னால் இடவலமாக நடந்து பாருங்கள். முன்மலை பக்கத்தில் இருக்குமானால் பத்தடி நகர்ந்தாலே நேர் கலைந்துவிடும். அதனால் இது ஒரு வீடு, இரண்டு வீடு வித்தியாசத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். காலை பத்து மணிக்குள் இதைச் செய்யுங்கள், பிறகு மூடுபனி ஏறினால் மலையே தெரியாது.

வீடு தெரிந்ததும் உள்ளே போக அவசரப்பட வேண்டாம். அது இப்போது வேறொரு குடும்பத்தின் வீடு. ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, ஒரு திண்ணை. கதவைத் திறந்தால் அவர்கள் வாழ்க்கை முழுக்கக் கண்ணில் படும். இன்று பல லயங்களில் ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தமிழ் பிடிபடாமல் இருக்கலாம். வாசலில் நின்று, பக்கத்து வீட்டு ஆச்சியை அழைத்துச் சொல்லச் சொல்லுங்கள். கூப்பிட்டால் மட்டும் உள்ளே போங்கள். அடுப்படியைப் படமெடுக்காதீர்கள். "இங்கேதான் நாங்கள் பிறந்தோம்" என்று வீட்டை அளந்து பேசுகிறவர்களைக் கண்டால், வீட்டுக்கு உரிமை கேட்டு வந்தவர்களோ என்று குடியிருப்பவர்கள் பயந்துபோவார்கள். ஐந்து மணிக்கெல்லாம் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். யானை நடமாட்டம் எஸ்டேட் ரோடுகளில் மெய்யாகவே உண்டு. உள்ளே இருப்பவர்களே இருட்டிய பிறகு நடக்கமாட்டார்கள்.

ஐந்தாம் நாள், ஞாயிறு. ஆட்கள்

ஞாயிறு முற்பகலில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். சர்ச், கோயில், மூணாறு பஜார். இரண்டு மணிக்கு மேல் போங்கள்.

லயத்தில் முதல் கேள்வி "நீ ஆரு மக?" என்பதுதான். உங்கள் பெயரைச் சொல்லாதீர்கள், அப்பா பெயரையும் டிவிஷனையும் சொல்லுங்கள். "டாப் டிவிஷன் கங்காணி மக்க, நாங்க மூணு பேரும் அக்கா தங்கச்சி" என்றால் போதும். உட்கார வைத்துக் கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) வந்துவிடும். பிறகு நோட்டைத் திறந்து ஒவ்வொருவராகக் கேளுங்கள். சில பெயர்களுக்கு "போய்ச் சேந்துட்டா" என்ற பதில்தான் வரும். அந்தப் பக்கத்தில் இறந்த ஆண்டையும் பிள்ளைகள் இருக்கும் ஊரையும் எழுதுங்கள், நோட்டைச் சட்டென்று மூட வேண்டாம். சொல்கிறவர்களுக்கு அதைச் சொல்லி முடிக்க நேரம் வேண்டும்.

போன் நம்பரை வாங்கினால் அங்கேயே ஒரு முறை அடித்துப் பாருங்கள். எஸ்டேட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் பலருக்கு இரண்டு நம்பர். கீழே போன பிள்ளைகளின் நம்பர்தான் நிலைக்கும். அடுத்த கோயில் திருவிழா எப்போது என்று கட்டாயம் கேளுங்கள். இது டிவிஷனுக்கு டிவிஷன் மாறும். கீழே போனவர்களெல்லாம் மலையேறி வருகிற நாள் அதுதான். ஒருவர் ஒருவராகத் தேடிப் பார்க்கிற ஆட்களில் பலரை அந்த ஒரு நாளில் கோயில் வாசலிலேயே பார்த்துவிடலாம்.

ஆறாம் நாள், திங்கள். டாப் ஸ்டேஷன், பெட்டிமுடி

காலையில் டாப் ஸ்டேஷன், மூணாறிலிருந்து 32 கிலோமீட்டர். தாத்தா பாட்டி மலையேறிய தடம் அங்கே நின்றால் தெரியும். கீழே கொட்டக்குடிப் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் போடி. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, 1908-ல் குறுகிய ரயில்பாதையாக்கினார்கள். தேயிலைப் பெட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன்வரை வந்து, கம்பிவடத்தில் கொட்டக்குடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. 1924 ஜூலை வெள்ளம் ரயிலை அழித்துவிட்டது. தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று பாட்டிமார் சொன்னது அதைத்தான், கொல்லம் ஆண்டு 1099. அந்தத் தடத்தில் நடந்து இறங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வனத்துறை அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தது இந்தச் சரிவுகளில்தான்.

மதியம் ராஜமலை வழியாகப் பெட்டிமுடி. வனத்துறைச் சாவடியைக் கடந்துதான் பாதை, யாரைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அனுமதி வாங்க வேண்டும். வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் அங்கிருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், கயத்தாறுப் பக்கத்துச் சொந்தங்கள் அதிகம். மின்சாரமும் போனும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. அங்கே பிறந்தவர்களுக்குத் தேடிப் போக வீடு கிடையாது. ராஜமலையில் அடக்கம் செய்த இடத்துக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோங்கள், மூணாறு பஜாரிலேயே வாங்கிவிட வேண்டும், மேலே கடை கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் சொந்தங்கள் கூடுகிறார்கள். போகிறவர்கள் அன்று போனால் பிழைத்தவர்களைப் பார்க்கலாம், ஆனால் அது அடைமழைக் காலம்.

ஏழாம் நாள், செவ்வாய். மறையூர் வழியாக உடுமலை

வந்த வழியே திரும்பாமல் இந்தப் பக்கம் இறங்குங்கள். பெரியவாரை, கன்னிமலை, நயமக்காடு, வாகுவாரை, தலையார் என்று எஸ்டேட் பெயர்ப் பலகைகள் வரிசையாக வரும், காதுக்கு அவ்வளவு இதமான பெயர்கள். மூணாறிலிருந்து மறையூர் 40 கிலோமீட்டர். மறையூர் சர்க்கரை என்கிற வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் உருட்டிய உருண்டைதான் அசல், ஆலையில் காய்ச்சுமிடத்திலேயே வாங்குங்கள். சமவெளி வெல்லத்தை மறையூர்ப் பெயரில் விற்பது ரோட்டோரக் கடைகளில் நடக்கிறது. மறையூர் தாண்டினால் சின்னாறு சரணாலயம், அதன்பின் தமிழ்நாட்டு எல்லை. இருட்டுமுன் ஒன்பதாறு சோதனைச் சாவடியைக் கடந்துவிடுமாறு மதியத்துக்கு முன்பே மூணாறை விட்டுக் கிளம்புங்கள்.

உடுமலையில் அவரவர் பஸ் பிடித்துப் பிரியுமுன் நோட்டை ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்தவர்கள், இறந்தவர்கள், இன்னும் தேட வேண்டியவர்கள் என்று பக்கத்தின் மூலையில் குறி போடுங்கள். தேட வேண்டிய பெயர்களைப் பூர்வீக ஊர் பார்த்துப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். கோவில்பட்டிக்கு அருகில் இருப்பவள் கோவில்பட்டிப் பெயர்களை எடுத்துக்கொள்ளட்டும், தேனிப் பக்கம் இருப்பவள் போடி, கம்பம் பெயர்களை. திருவிழாத் தேதியை மட்டும் எல்லா நோட்டிலும் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.